நாவல் முடிந்துவிட்டது என்பது எப்போது தெரிகிறது?

ஆறு ஆண்டுகளாக எழுதிவந்த உங்கள் முதல் நாவலைச் சென்ற மாதம் முடித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கடைசி வரியை எழுதிய அன்று எதிர்பார்த்திருந்த மகிழ்ச்சி ஒரு மணி நேரம்கூட நிலைக்கவில்லை என்றும், மறுநாளிலிருந்து வீட்டில் யாரோ ஒருவர் இல்லாமற்போனதைப் போன்ற வெறுமை கவிந்திருக்கிறது என்றும், கடைசி அத்தியாயத்தை மூன்று முறை மாற்றி எழுதிய பிறகும் நாவல் உண்மையில் முடிந்துவிட்டதா என்பது விளங்கவில்லை என்றும் சொல்கிறீர்கள். இந்த வெறுமை இயல்பானதுதானா என்பதும், முடிந்துவிட்டது என்பதை ஒரு நாவலாசிரியர் எதைக் கொண்டு அறிகிறார் என்பதும் உங்கள் இரு கேள்விகள். நான்கு நாவல்களை எழுதி முடித்தவன் என்ற முறையில் இதற்கு என்னால் இயன்ற அளவு நேர்மையாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். உங்களுடைய இரு கேள்விகளும் உண்மையில் ஒரே கேள்விதான் என்று நான் நினைக்கிறேன். ஏன் அப்படி நினைக்கிறேன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த வெறுமை. அது உங்களுக்கு மட்டும் வந்ததல்ல, இக்காலத்தில் மட்டும் வருவதும் அல்ல. அதை மிகத் துல்லியமாக எழுதிவைத்தவர் ஒரு நாவலாசிரியர்கூட இல்லை, வரலாற்றாசிரியர் எட்வர்ட் கிப்பன். ரோமப் பேரரசின் வீழ்ச்சியைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு 1764-இல் ரோம் நகரில் தோன்றியது. ஆறு தொகுதிகளாக விரிந்த அந்தப் பெருநூலின் கடைசி வரிகளை அவர் எழுதியது 1787 ஜூன் 27-ஆம் நாள் இரவு பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில், சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில், தம் தோட்டத்திலிருந்த ஒரு சிறு கூடத்தில். பேனாவை வைத்துவிட்டு வெளியே வந்து, மரங்கள் கவிந்த நடைபாதையில் சில முறை நடந்தார் என்றும், அங்கிருந்து ஏரியும் மலைகளும் தெரிந்தன என்றும், நிலவொளி நீரில் விழுந்துகொண்டிருந்தது என்றும் தம் தன்வரலாற்றில் எழுதுகிறார். விடுதலை கிடைத்த மகிழ்ச்சியும், புகழ் நிலைபெற்றுவிட்டது என்ற நிறைவும்தான் முதலில் எழுந்தன. அவை நீடிக்கவில்லை. நெடுங்காலமாக உடனிருந்த இனிய தோழர் ஒருவரிடம் என்றென்றைக்குமாக விடைபெற்றுவிட்டோம் என்ற எண்ணம் வந்து மனத்தில் கனத்தது. நூலின் வாழ்நாள் எத்தனை நீண்டதாக இருந்தாலும் அதை எழுதியவனின் வாழ்நாள் குறுகியதே என்றும் அந்த இடத்தில் சேர்த்துச் சொல்கிறார். அதன்பின் அவர் ஏழு ஆண்டுகள்கூட வாழவில்லை.

எழுதிமுடித்தவர்களின் துயரத்தைப் பேசும்போது பலரும் இதை மகப்பேற்றோடு ஒப்பிடுவார்கள். எனக்கு அந்த ஒப்புமை பொருந்துவதாகத் தோன்றியதில்லை. பிள்ளை பிறந்த பிறகு அதனோடு வாழ்வது தொடங்குகிறது. நாவலை முடித்த பிறகோ, அதனோடு வாழ்வது நின்றுபோகிறது. கிப்பன் சொன்ன தோழர் என்ற சொல்தான் சரியான சொல். 1850-இல் 'டேவிட் காப்பர்ஃபீல்டு' முடிந்தபோது சார்லஸ் டிக்கன்ஸும் அதன் முன்னுரையில் இதையே வேறு விதமாகச் சொன்னார்: இரண்டு ஆண்டுக் கற்பனை வேலையின் முடிவில் பேனாவைக் கீழே வைப்பது எவ்வளவு துயரமானது என்பதையும், தம் மூளை படைத்த மாந்தர்கள் கூட்டமாகப் பிரிந்து செல்லும்போது தம்மில் ஒரு பகுதியையே நிழலுலகுக்கு அனுப்புவதுபோல் இருப்பதையும் அவர் குறிப்பிட்டார். இவர்கள் எல்லாம் மிகைப்படுத்துகிறவர்கள் என்று இருபது வயதில் நான் நினைத்ததுண்டு. இப்போது அப்படி நினைப்பதில்லை.

அந்தத் தோழமை எங்கே இருக்கிறது என்பதை உங்களுக்குக் காட்டுவதற்கு என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். என் மூன்றாவது நாவல் அருப்புக்கோட்டையில் கைத்தறி நெய்யும் ஒரு குடும்பத்தைப் பற்றியது. அதில் வள்ளியம்மாள் என்று ஒரு மூதாட்டி வருவார். தறிக்குழிக்குப் பக்கத்தில் ராட்டையை வைத்துக்கொண்டு நூல் சுற்றியபடி வீட்டில் நடக்கும் எல்லாவற்றையும் பற்றிக் கருத்துச் சொல்லிக்கொண்டே இருப்பவர். நாவலை முடித்துப் பத்து நாட்கள் ஆகியிருக்கும். காய்கறிச் சந்தையில் ஒருவர் வெண்டைக்காயை ஒவ்வொன்றாக எடுத்து நுனியை ஒடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். கடைக்கார அம்மாள் அவரைப் பார்த்துச் சொன்னார்: "இப்படி நுனிய ஒடிச்சு ஒடிச்சுப் போட்டுட்டுப் போனீகன்னா, ராத்திரிக்கு எனக்கு ஒடிஞ்ச காய்தான் குழம்பு." என் கை சட்டைப்பையிலிருந்த குறிப்பேட்டுக்குப் போய்விட்டது. அது வள்ளியம்மாளின் பேச்சு. அந்தத் தாளம், அந்தக் குறை சொல்லும் விதம், அந்தக் குறைக்குள் இருக்கும் கணக்கு எல்லாம் அவருடையவை. எழுதியும் விட்டேன். எழுதி முடித்த பிறகுதான் அதை வைப்பதற்கு இனி இடமில்லை என்பது உறைத்தது. வள்ளியம்மாள் எதையும் சொல்லப்போவதில்லை. அவர் சொல்ல வேண்டியதெல்லாம் அச்சுக்கூடத்துக்குப் போய்விட்டது.

நாவல் எழுதும் ஆண்டுகளில் நம் காது இரண்டாகப் பெருகிவிடுகிறது. பேருந்தில் கேட்பது, மருத்துவமனை வரிசையில் கேட்பது, இழவு வீட்டில் கேட்பது எல்லாவற்றையும் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு ஓர் இடம் இருக்கிறது. நாள் முழுவதும் வேறு வேலை செய்துகொண்டிருந்தாலும் அந்த இடத்துக்காக ஒரு பகுதி மனம் சேகரித்துக்கொண்டே இருக்கிறது. நாவல் முடிந்த மறுநாள் அந்த இடம் மூடப்பட்டுவிடுகிறது. ஆனால் காது மூடிக்கொள்வதில்லை. சேகரிப்பதற்குப் பழகிய மனம் சேர்த்துவைக்க இடமின்றித் தவிப்பதைத்தான் நீங்கள் வெறுமை என்று சொல்கிறீர்கள். ஆகவே அது நோயும் அல்ல, நாவல் சரியாக அமையவில்லை என்பதன் அறிகுறியும் அல்ல.

சிலர் இந்த இடைவெளியை ஏற்படவே விடுவதில்லை. ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி ட்ரொலோப் அஞ்சல்துறையில் அதிகாரியாக இருந்தவர். விடியற்காலை ஐந்தரைக்கு எழுதத் தொடங்கி, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்ற கணக்கில் எழுதியவர். 1858-இல் அலுவல் பணியாக எகிப்தில் இருந்தபோது ஒரு நாவலை ஒரு நாள் முடித்து, அடுத்த நாவலை மறுநாளே தொடங்கியதாகத் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். இப்படிப்பட்டவருக்குப் பிரிவுத்துயர் இருந்திருக்காது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அதே நூலில் அவர் சொல்லும் இன்னொரு நிகழ்ச்சியைப் பாருங்கள். லண்டனில் ஒரு சங்கத்தின் அறையில் அவர் எழுதிக்கொண்டிருந்தபோது, இரண்டு பாதிரியார்கள் அவருடைய தொடர்கதையைக் கையில் வைத்துக்கொண்டு, பழைய பாத்திரங்களையே திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறார் என்று குறைகூறிக்கொண்டிருந்தார்கள். பிஷப்பின் மனைவியான, ஆதிக்க குணம் படைத்த திருமதி ப்ரௌடி என்ற பாத்திரத்தை அவர்கள் குறிப்பாகத் தாக்கினார்கள். ட்ரொலோப் எழுந்துபோய்த் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டு, இந்த வாரம் முடிவதற்குள் அவளைக் கொன்றுவிடுகிறேன் என்றார். சொன்னபடி செய்தும் விட்டார். 1867-இல் முடிந்த அந்த நாவலில் திருமதி ப்ரௌடி இறந்துபோகிறார். பின்னாளில் அந்தச் செயலுக்காகச் சில நேரம் வருந்தியதாகவும், இன்றும் அவளுடைய ஆவியோடு பெருமளவு உறவாடியபடியே வாழ்வதாகவும் அவர் எழுதினார். மறுநாளே அடுத்த நாவலைத் தொடங்கும் மனிதரும் முந்தைய நாவலின் ஒரு பெண்ணை விட்டு முழுதாக வெளியே வர முடியவில்லை. வேகமாக அடுத்ததைத் தொடங்குவது வெறுமையை மறைக்கும், நீக்கிவிடாது. எனவே நீங்கள் இப்போதே அடுத்த நாவலுக்குத் தாவ வேண்டாம் என்பதே என் கருத்து.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. கடைசி அத்தியாயத்தை ஏன் மூன்று முறை மாற்றினீர்கள் என்பதை உங்களுக்குள்ளேயே கேட்டுப் பாருங்கள். கதை சரியாக முடியவில்லை என்பதாலா, அல்லது அந்த மனிதர்களை விட்டுப் பிரிய மனமில்லாததாலா? இந்த இரண்டையும் பிரித்தறிவது கடினம். முன்னனுபவம் உள்ளவர்களும் இதில் தடுமாறுகிறார்கள். எர்னெஸ்ட் ஹெமிங்வே 1929-இல் வெளிவந்த தம் போர்க்கால நாவலின் கடைசிப் பக்கத்தை 39 முறை மாற்றி எழுதியதாக ஒரு நேர்காணலில் சொன்னார். 2012-இல் வந்த அந்நாவலின் பதிப்பில் அப்படிப்பட்ட 47 முடிவுகளைத் திரட்டிச் சேர்த்திருக்கிறார்கள். அவற்றில் சில ஆறுதல் தருகின்றன, சில தத்துவம் பேசுகின்றன, சில பின்னாளில் யார் என்ன ஆனார்கள் என்று தெரிவிக்கின்றன. அச்சில் நிலைத்த முடிவிலோ நாயகன் மருத்துவமனையை விட்டு வெளியேறி மழையில் விடுதிக்கு நடந்துபோகிறான், அவ்வளவுதான். எழுதியவர் தம் துயரத்துக்காகச் சேர்த்தவற்றையெல்லாம் எடுத்துவிட்டுக் கதைக்கு வேண்டியதை மட்டும் விட்டுவைத்தார் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்'. அதன் முதல் முடிவில் நாயகன் பிப்பும் அவன் காதலித்த எஸ்டெல்லாவும் லண்டன் தெருவில் சில நிமிடங்கள் சந்தித்துப் பிரிந்துவிடுகிறார்கள். அவள் மறுமணம் செய்துகொண்டவள். அச்சுத் தாள்களைப் படித்த நண்பர் புல்வர் லிட்டன் இது வாசகருக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று வற்புறுத்தியதால், இருவரும் இடிந்த மாளிகையின் தோட்டத்தில் கைகோத்து வெளியேறும் முடிவை டிக்கன்ஸ் 1861-இல் எழுதிச் சேர்த்தார். முதல் முடிவு அவர் இறந்த பிறகு ஜான் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் வழியாகத்தான் உலகுக்குத் தெரியவந்தது. எது சிறந்தது என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. நான் முதல் முடிவின் பக்கம் நிற்பவன். அந்த முடிவில் இருவருக்கும் நாவலாசிரியரின் துணை தேவைப்படவில்லை. தெருவில் பிரிந்து தத்தம் வாழ்க்கைக்குள் நடந்துபோக அவர்களால் முடிகிறது. இரண்டாவது முடிவில் நாவலாசிரியர் அவர்களை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறார்.

மாந்தர்களை உரிய இடத்தில் விட்டு விலகுவதற்குத் தமிழில் மிகச் சிறந்த சான்று 'பொன்னியின் செல்வன்'. கல்கி இதழில் 1950 அக்டோபர் 29-இல் தொடங்கி 1954 வரை வாரந்தோறும் வெளிவந்த அந்தத் தொடர் முடிந்தபோது, தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் ஒரு வழக்கம் முறிந்திருக்கும். கதை சட்டென்று முடிந்துவிட்டதாகவும், இன்னார் என்ன ஆனார், இன்னாருக்கு என்ன நேர்ந்தது என்றும் வாசகர்கள் கேட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லும் விதமாகக் கல்கி ஒரு முடிவுரையே எழுத வேண்டியதாயிற்று. நாவலாசிரியராக விரும்பும் எவரும் அந்த முடிவுரையை நாவலைவிடக் கவனமாகப் படிக்க வேண்டும் என்று நான் சொல்வேன். கதையின் உச்சம் எது என்பதை அவர் முன்கூட்டியே தீர்மானித்திருந்தார். ஐந்தாம் பாகத்துக்கு 'தியாக சிகரம்' என்று பெயரிட்டதே அதற்குச் சான்று. தனக்குக் கிடைக்கவிருந்த மகுடத்தை அருள்மொழிவர்மன் உத்தம சோழனுக்கு விட்டுக்கொடுக்கும் அந்த நிகழ்ச்சியோடு கல்கி சொல்ல வந்தது முடிந்துவிடுகிறது. வரலாற்றில் இராஜராஜன் அரியணை ஏறியது 985-இல். தஞ்சைப் பெரிய கோயில் அதற்கும் பல ஆண்டுகள் கழித்து எழுந்தது. ஒரு சாதாரண எழுத்தாளர் கோயில் குடமுழுக்கு வரை கதையை இழுத்துக்கொண்டு போயிருப்பார். அதற்கு வாசகர்களும் இருந்திருப்பார்கள். கல்கி அப்படிச் செய்யவில்லை. மூன்றரை ஆண்டு உடனிருந்த மாந்தர்களை, அவர்களுடைய வாழ்க்கையின் பெரும்பகுதி இன்னும் மிஞ்சியிருக்கும்போதே விட்டு விலகினார்.

அப்படி விட்டதனால்தான் அவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள் என்பது என் நம்பிக்கை. விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யை அதன் தொடர்ச்சியாகவே எழுதினார். அதற்குப் பின்னும் பலர் எழுதினார்கள், இன்றும் எழுதுகிறார்கள். முடிவு முழுமையாக அடைக்கப்பட்டிருந்தால் மற்றவர்களுக்கு உள்ளே நுழைய வழி இருந்திருக்காது. தொடர் முடிந்த அதே 1954-இன் டிசம்பர் 5-ஆம் நாள் கல்கி மறைந்தார். அப்போது தொடராக வந்துகொண்டிருந்த 'அமரதாரா' நின்றுபோய், அவருடைய மகள் ஆனந்தியால் பின்னர் நிறைவு செய்யப்பட்டது. ஒரே ஆண்டில் ஒரு நாவலைத் தாமே முடித்து அதன் முடிவுக்கு விளக்கமும் சொன்னவர், இன்னொரு நாவலை வேறொருவர் கையில் விட்டுச் சென்றார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கலங்குகிறது. முடிக்கக் கிடைப்பது ஒரு பேறு. உங்கள் வெறுமைக்கு நடுவில் இதையும் நீங்கள் நினைத்துக்கொள்ள வேண்டும்.

நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த நெசவாளர் நாவலுக்கு நான் 'பத்து ஆண்டுகளுக்குப் பிறகு' என்று ஓர் அத்தியாயம் எழுதியிருந்தேன். மூத்த மகன் திருப்பூரில் பனியன் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான், இளைய மகள் ஆசிரியை ஆகிவிட்டாள், தறி பரண்மேல் கிடக்கிறது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பத்தி ஒதுக்கி எழுதியிருந்தேன். படித்த நண்பர் ஒருவர், பதினெட்டாம் அத்தியாயம் வரை நாவல் இருக்கிறது, பத்தொன்பதாவது அத்தியாயத்தில் நீங்கள் இருக்கிறீர்கள் என்றார். எனக்குக் கடுமையான கோபம் வந்தது. இரண்டு வாரம் கழித்து அதை மறுபடி படித்தபோது அவர் சொன்னது சரி என்பது விளங்கியது. அந்த அத்தியாயத்தில் ஒருவரும் தம் குரலில் பேசவில்லை. அவர்கள் எல்லாரும் நலமாக இருக்கிறார்கள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை நீக்கியதில் பதினான்கு பக்கங்கள் குறைந்தன. நாவல் வள்ளியம்மாள் ராட்டையை நிறுத்திவிட்டுத் தெருவில் கேட்கும் சத்தத்துக்குத் தலையைத் திருப்பும் இடத்தில் முடிந்தது. அது என்ன சத்தம் என்று இன்றுவரை வாசகர்கள் கேட்கிறார்கள்.

ஆகவே என் அளவுகோல் இதுதான். உங்கள் மாந்தர்கள் நீங்கள் இல்லாமலே அடுத்த நாளைக்குள் நடந்துபோக முடியும் என்ற நிலைக்கு வந்துவிட்டார்களா என்று பாருங்கள். வந்துவிட்டார்கள் என்றால் நாவல் முடிந்துவிட்டது. அப்போது உங்களுக்கு வலிக்கும். இதனால்தான் உங்கள் இரு கேள்விகளும் ஒன்று என்று தொடக்கத்தில் சொன்னேன். அவர்களுக்கு உங்கள் தேவை தீர்ந்துவிட்டது, உங்களுக்கு அவர்கள் தேவை தீரவில்லை என்ற நிலையைத்தான் வெறுமையாக உணர்கிறீர்கள். மாறாக, முடித்த அன்று நிம்மதி மட்டுமே தோன்றி, அவர்களைப் பற்றி நினைக்கவே இல்லை என்றால், நாவல் வேறெங்கோ முன்னதாகவே செத்துப்போயிருக்கக்கூடும் என்று நான் ஐயப்படுவேன்.

வெளிப்படையான வேறு சில அறிகுறிகளும் உண்டு. தமிழில் எழுதுகிறவர்களுக்கே உரிய ஒன்று, ஒற்றெழுத்து. எழுதும் நாட்களில் வல்லினம் மிகுமா மிகாதா என்பது நம் கண்ணில் படுவதே இல்லை. அவன் ஏன் அந்த வீட்டுக்குப் போனான் என்பதில்தான் மனம் இருக்கும். என்றைக்கு நீங்கள் ஒரு பக்கத்தைத் திறந்து, அழுதுகொண்டிருக்கும் பெண்ணைத் தாண்டிப் போய், அந்த வரியில் விட்டுப்போன 'க்' எழுத்தைச் சேர்க்கிறீர்களோ, அன்றைக்கு நாவலுக்குள்ளிருந்து வெளியே வந்துவிட்டீர்கள். அதன் பிறகு செய்வது மெய்ப்புத் திருத்தம். மெய்ப்புத் திருத்தமும் பெரிய வேலைதான், அதைப் பொறுமையாகச் செய்யத்தான் வேண்டும். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை ஒருங்குறிக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம்மாறிச் சொற்கள் சிதைந்துபோவதை உங்கள் கண்ணைத் தவிர வேறு யார் கண்ணும் முழுதாகப் பிடிக்காது. ஆனால் அந்தக் கட்டத்தில் ஒரு பாத்திரத்தின் தலைவிதியை மாற்றத் தோன்றினால் கையை எடுத்துவிடுங்கள்.

காலக்கெடுவைப் பற்றியும் ஒரு சொல். நம்முடைய பதிப்புலகம் சென்னைப் புத்தகக் காட்சியைச் சுற்றிச் சுழல்கிறது. அது பெரும்பாலும் ஜனவரியில் நடப்பதால் நவம்பருக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும் என்ற நெருக்கடி எல்லாருக்கும் வருகிறது. 16 பக்கம் ஒரு பாரம் என்ற கணக்கில் பக்கங்களைக் கூட்டிக் குறைக்கச் சொல்லும் பேச்சும் வரும். எவ்வளவோ தமிழ் நாவல்களின் கடைசி 30 பக்கங்களில் அந்த மூச்சுவாங்கல் கேட்பதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். முதல் 300 பக்கங்களில் ஒரு மழையை மூன்று பத்தி எழுதியவர், கடைசியில் இரண்டு சாவையும் ஒரு கல்யாணத்தையும் ஒரே பக்கத்தில் முடித்திருப்பார். உங்கள் நாவல் இந்த ஆண்டு வராவிட்டால் அடுத்த ஆண்டு வரட்டும்.

இன்னொன்று. முடித்த பிறகுதான் அந்த நாவலை யாருக்காக எழுதினோம் என்பது சில நேரம் தெரியவருகிறது. வர்ஜீனியா வுல்ஃப் தம் 'தி வேவ்ஸ்' நாவலின் முடிவை எட்டிய 1931 பிப்ரவரி 7-ஆம் நாள் நாட்குறிப்பில், கடைசிச் சொற்களை எழுதிக் கால் மணி நேரம்தான் ஆகிறது என்று தொடங்குகிறார். கடைசிப் பத்துப் பக்கங்களைத் தம் குரலுக்குப் பின்னால் தாமே தடுமாறி ஓடுவதுபோல எழுதியதாகவும், முடித்துவிட்டு அமைதியிலும் கொஞ்சம் கண்ணீரிலும் உட்கார்ந்திருந்ததாகவும் சொல்கிறார். அப்போது அவர் நினைத்தது தம் அண்ணன் தோபியை. டைஃபாய்டு காய்ச்சலால் 26 வயதில் இறந்துபோனவர் அவர். அண்ணனின் பெயரையும் பிறப்பு, இறப்பு ஆண்டுகளையும் முதல் பக்கத்தில் இடலாமா என்று அந்தக் குறிப்பிலேயே யோசிக்கிறார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒருவர், நாவல் முடிந்த கால் மணி நேரத்தில் வந்து நிற்கிறார். அந்த நாவலில் பெர்சிவல் என்ற இளைஞன் இறந்துபோகிறான். அவன் ஒருமுறைகூட நேரடியாகப் பேசுவதில்லை, மற்றவர்கள்தான் அவனைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். உங்களுக்கும் இந்த நாட்களில் யாராவது நினைவுக்கு வந்தபடி இருக்கிறார்களா என்று பாருங்கள். அவர்களை நாவலுக்குள் திரும்பப் புகுத்த வேண்டியதில்லை. பெரும்பாலும் ஏற்கெனவே உள்ளேதான் இருப்பார்கள்.

நடைமுறையில் என்ன செய்வது என்றால், கைப்பிரதியைக் குறைந்தது ஆறு வாரம் திறக்காதீர்கள். திறக்கும்போது திரையில் படிக்காமல் தாளில் அச்செடுத்து, கடைசி இரண்டு அத்தியாயங்களை வாய்விட்டுப் படியுங்கள். கண் மன்னித்துவிடும் இடங்களில் நாக்கு நின்றுவிடும். மூன்று முடிவுகளில் எதைப் படிக்கும்போது உங்கள் குரல் இயல்பாகத் தணிந்து நிற்கிறதோ, அதை வைத்துக்கொள்ளுங்கள். குரலை நீங்களே வேண்டுமென்று தழுதழுக்கவைக்க வேண்டியிருக்கும் முடிவை விட்டுவிடுங்கள். பிறகு கதையை முன்பே அறியாத ஒருவரிடம் கொடுங்கள்.

குறிப்பேட்டை மட்டும் நிறுத்தாதீர்கள். அருப்புக்கோட்டையில் எனக்கு நெசவைக் காட்டித் தந்த பெரியவர் ஒருவர், பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள், தீர்ந்த தறியருகே உட்கார்ந்திருந்தபோது ஒன்று சொன்னார். பாவின் கடைசி முழத்தை நெய்ய முடியாது. இழைகளைக் கோத்திருக்கும் சீப்பு போன்ற அச்சுக்கும் பின்மரத்துக்கும் இடையில், குறுக்கிழையைக் கொண்டுசெல்லும் நாடா போய்வர இடமிருக்காது. நெய்த துணியை அறுத்து எடுத்துவிட்டு, அந்த மிச்ச இழைகளை அச்சிலும், இழைகளை ஏற்றி இறக்கும் விழுதிலும் கோத்தபடியே விட்டுவைக்கிறார்கள். "பாவு தீந்துச்சுன்னுதான் சொல்லுவோம் தம்பி, ஆனா உருவி எடுத்துற மாட்டோம். உருவிட்டா மறுபடி கோக்க நாள் கணக்காகும்" என்றார். புதிய பாவு வந்ததும் அவருடைய மனைவி தரையில் உட்கார்ந்து, விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, பழைய இழையின் நுனியையும் புதிய இழையின் நுனியையும் சேர்த்து முறுக்கினார். ஒன்றன்பின் ஒன்றாக, ஆயிரக்கணக்கான இழைகள். நான் அங்கிருந்த அந்தப் பிற்பகல் முழுவதும் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கி. ராஜநாராயணன் 'கோபல்ல கிராமம்' நாவலை 1976-இல் முடித்துவிட்டு, பல ஆண்டுகள் கழித்து அதே ஊரின் பின்வந்த தலைமுறைகளை 'கோபல்லபுரத்து மக்க'ளில் தொடர்ந்தபோதும் இப்படித்தான் பழைய நுனிகளை எடுத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

வெண்டைக்காய்க்கார அம்மாள் சொன்ன அந்த வரி என் குறிப்பேட்டில் பதினான்கு மாதம் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் வேறு நான்கைந்து வரிகள் வந்து சேர்ந்தன. அவற்றில் எதுவும் நெசவைப் பற்றியதல்ல. நான்காவது நாவலின் இரண்டாம் அத்தியாயத்தில் அந்த வரி இப்போது இருக்கிறது. அதைச் சொல்பவர் வள்ளியம்மாள் அல்ல. பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, விடிவதற்கு முன் மாட்டுத்தாவணியில் பேருந்திலிருந்து காய் மூட்டையை இறக்கியபடி சொல்கிறாள்.